குளிர் ஊரில் ஸ்டெப்பர் ட்ரைவர் ஏன் இவ்வளவு சூடாகிறது?

கேட்டவர் இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்குக் கிட்ட இருக்கும் கொட்டகலைப் பக்கத்துத் தம்பி ஒருவர். மரத்தில் பெயர்ப்பலகை வெட்ட கணினிக் கட்டளைப்படி ஓடும் மூன்று அச்சு சிஎன்சி மெஷின் ஒன்றைத் தானே கட்டியிருக்கிறார். ஸ்டெப் ஸ்டெப்பாகச் சுற்றும் 1.5 அம்பியர் நேமா 17 ஸ்டெப்பர் மோட்டர் மூன்று, அவற்றுக்குக் கரண்டை அளந்து கொடுக்கும் ஏ4988 ட்ரைவர் போர்ட் மூன்று, 24 வோல்ட் பவர் சப்ளை. பனியும் மரத்தூளும் புகாமலிருக்க எல்லாவற்றையும் 25 × 20 × 10 சென்டிமீட்டர் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, மூடியை ரப்பர் போட்டு இறுக்கிச் சுவரில் மாட்டியிருக்கிறார். காலையில் ஒழுங்காக ஓடுகிறதாம். ஒரு மணித்தியாலம் போனால் ஒய் அச்சு விலகி எழுத்து கோணலாகிவிடுகிறது. ட்ரைவரைத் தொடவே முடியவில்லை, மோட்டரும் சூடாகிறதாம். சிப்பின் மேல் ஒட்டிச் சூட்டை வெளிவிடும் பெரிய ஹீட் சிங்க் வாங்குவதா, ஃபேன் வைப்பதா என்று கேட்கிறார்.

தம்பி, கேள்வி ஹீட் சிங்க்கா ஃபேனா என்பது போல இருந்தாலும் உங்களைக் குழப்புவது வேறு விஷயம் என்று நினைக்கிறேன். வெளியே ஸ்வெட்டர் போடுகிற குளிர் இருக்கும்போது உள்ளே எப்படி இவ்வளவு சூடு? அந்தச் சூட்டை வெளியே விடப் பெட்டியைத் திறந்தால் பனி உள்ளே வந்துவிடுமே, இரண்டையும் எப்படிச் சமாளிப்பது? நான் தேயிலை ஃபெக்டரிகளில் மின் பராமரிப்பு வேலையில் பல காலம் இருந்தவன், இப்போது கன்ட்ரோல் போர்ட் திருத்துவதுதான் தொழில். மலையகத்தில் திரும்பத் திரும்ப வரும் பிரச்சினை இது. அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

ஊரின் குளிரால் நமக்கு நன்மை இருப்பது உண்மைதான். கடல் மட்டத்திலிருந்து 1000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை குறையும். ஹட்டன் ஏறக்குறைய 1270 மீட்டர் உயரம் என்பதால் கொழும்பைவிட எட்டுப் பாகையாவது குளிர். ஆனால் உயரம் கூடினால் காற்று மெலியும். ஹட்டனில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் 88 வீதமளவில்தான் இருக்கும், நுவரெலியாவில் 83 வீதம். ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் அது தள்ளும் காற்றின் எடை அந்த அளவுக்குக் குறைவு, அது சுமந்துபோகும் சூடும் குறைவு. இரண்டையும் கூட்டிக் கழித்தால் மலையில் இருப்பவருக்குத்தான் இலாபம். அந்த இலாபம் முழுவதையும் உங்கள் பிளாஸ்டிக் பெட்டி விழுங்கிவிடுகிறது. மழை நாளில் பிளாஸ்டிக் படங்கைச் சுற்றிக்கொண்டு கொழுந்து பறிப்பவருக்கு வெளியே எவ்வளவு குளிர்ந்தாலும் உள்ளே வியர்த்துக் கொட்டும். உங்கள் ட்ரைவருக்கும் அதே நிலைதான்.

வாய்க் கணக்காகச் சொல்லாமல் எண்ணாகவே பார்ப்போம். ஏ4988 சிப்புக்குள் கரண்ட் போகும் வழியில் மேலே ஒரு மொஸ்ஃபெட், அதாவது மின்னால் இயங்கும் ஸ்விட்ச், கீழே ஒன்று. ஒவ்வொன்றின் தடையும் வழக்கமாக 0.32 ஓம், இரண்டும் சேர்ந்து 0.64. ஒரு ஸ்டெப்பைச் சிறு துண்டுகளாக்கி ஓட்டும் மைக்ரோஸ்டெப்பில், மோட்டரின் ஒரு சுருளில் கரண்ட் கூடும்போது மற்றதில் குறைவதால், இரண்டு சுருளின் சூட்டையும் கூட்டினால் உச்சக் கரண்டின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கிய அளவுதான் வரும். 1.5 அம்பியருக்கு 1.44 வாட். சிப் சூடாகச் சூடாக அந்தத் தடையும் கூடும், ஸ்விட்ச் ஆவதிலும் கொஞ்சம் இழப்பு உண்டு. ஆகவே ஒரு ட்ரைவருக்கு 2 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் 6 வாட். பவர் சப்ளை தன் பங்குக்கு ஒரு 10 வாட்டையாவது சூடாக விடும். மொத்தம் 16 வாட்.

பெட்டியின் பின்பக்கம் சுவரோடு ஒட்டியிருப்பதால் அதைக் கழித்துவிட்டால், சூடு வெளியேற மிஞ்சும் பரப்பு 0.14 சதுர மீட்டர். பிளாஸ்டிக் சுவர் ஒரு சதுர மீட்டரில், ஒரு பாகை வித்தியாசத்துக்கு 3.5 வாட் அளவுதான் கடத்தும். இரும்புத் தகட்டுப் பெட்டி என்றால் 5.5. கணக்குப் போட்டால் உங்கள் பெட்டியின் உள்காற்று அறையைவிட 32 பாகை கூடுதலாக வரும். அறை 20 என்றால் உள்ளே 52. கடும் வெயில் நேரத்து யாழ்ப்பாணத்தில்கூட இவ்வளவு சூடு இல்லை.

இதற்கு மேல் சிப்பின் சூடு. செம்பு நாலு அடுக்காக உள்ள போர்டில் ஒரு வாட்டுக்கு 32 பாகை ஏறும் என்கிறது ஏ4988 டேட்டாஷீட். நம் கையில் இருப்பது பெருவிரல் அளவு போர்ட் என்பதால் நான் 45 என்று வைத்துக் கணக்குப் போடுவேன். 2 வாட்டுக்கு 90 பாகை, பெட்டியின் 52-ஐக் கூட்டினால் 142. சிப் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும் எல்லை 165. கிட்ட வந்தாயிற்று. ட்ரைவர் போர்டில் கரண்டை மாற்றும் சின்னத் திருகியைக் கொஞ்சம் கூட்டி 1.7 அம்பியர் வைத்திருந்தால் அதே கணக்கு 170-ஐத் தாண்டும். அப்போது சிப் மோட்டரை விட்டுவிடும், 15 பாகை ஆறியதும் திரும்பப் பிடிக்கும். இடைப்பட்ட நேரத்தில் ப்ரோகிராம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். கோணல் அங்கேதான் விழுகிறது.

கணக்கும் உங்கள் அறிகுறியும் பொருந்துகின்றன, ஆனாலும் ஒய் அச்சு விலகுவதற்குச் சூடுதான் காரணம் என்று இங்கிருந்தபடி அடித்துச் சொல்ல மாட்டேன். மோட்டரையும் ஸ்க்ரூவையும் இணைக்கும் கப்ளிங்கின் திருகு தளர்ந்தாலும் அச்சு விலகும். பிரித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. 200 ஸ்டெப் மோட்டர் பிடி விட்டுத் திரும்பப் பிடிக்கும்போது நாலு முழு ஸ்டெப்பின் மடங்காகத்தான் வழுக்கும். அச்சை நகர்த்தும் உங்கள் ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 8 மில்லிமீட்டர் நகரும் வகை என்றால் அது 0.16 மில்லிமீட்டர். விலகல் 0.16, 0.32, 0.48 என்று இந்த அளவுகளில் சட்டென்று விழுந்தால் மின்சாரப் பக்கம் பாருங்கள். கண்டபடி அளவில், கொஞ்சம் கொஞ்சமாகக் கூடினால் ஸ்பேனரை எடுங்கள். இதைவிடச் சுலபமான பரீட்சை, மூடியைக் கழற்றிவிட்டு அதே வேலையை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டுவது. கோணல் வராவிட்டால் சூடுதான் என்பது கிட்டத்தட்ட உறுதி.

இனி என்ன செய்வது. கடைக்குப் போவதற்கு முன்னால், பவரை நிறுத்திவிட்டு ட்ரைவர் போர்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சிப்புக்குப் பக்கத்தில் அரிசி அளவில் இரண்டு கறுப்பு ரெசிஸ்டர் இருக்கும். அதில் ஆர்100 என்றோ ஆர்068 என்றோ ஆர்050 என்றோ பொடி எழுத்தில் போட்டிருக்கும். ஃபோன் கெமராவில் பெரிதாக்கினால் தெரியும். எல்லாமே இதைப் பொறுத்துத்தான். ஏ4988-இல் கரண்ட் எவ்வளவு என்பது, அந்தத் திருகியால் மாற்றும் வீ-ரெஃப் வோல்டேஜை இந்தத் தடையின் எட்டு மடங்கால் வகுத்தால் வரும். ஆர்100, அதாவது 0.1 ஓம் என்றால் 1.2 அம்பியருக்கு 0.96 வோல்ட் வைக்க வேண்டும். ஆர்050, அதாவது 0.05 ஓம் என்றால் 0.48 வோல்ட்தான். ஆர்100-க்கு எழுதிய குறிப்பைப் பார்த்து ஆர்050 போர்டில் 0.96 வைத்தால் 2.4 அம்பியர் கேட்டதாகிவிடும், சிப்பின் எல்லையே 2 அம்பியர். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய போர்டுகளிலும் இந்த ரெசிஸ்டர் வேறுபடுவதைப் பார்த்திருக்கிறேன். மூன்றையும் தனித்தனியே பாருங்கள். ஒய் மட்டும் ஏன் என்ற கேள்விக்கு விடை அங்கேயே இருக்கலாம்.

பவர் சப்ளை காட்டும் கரண்டைப் பார்த்து வீ-ரெஃப் வைக்காதீர்கள். ட்ரைவர் 24 வோல்ட்டை வெட்டி வெட்டிக் கொடுப்பதால் சப்ளையிலிருந்து இழுக்கும் கரண்ட் மோட்டரில் ஓடுவதைவிடக் குறைவாகவே தெரியும். அதை நம்பித் திருகியைக் கூட்டுபவர்கள் நிறையப் பேர். இன்னொன்று, பவர் இருக்கும்போது மோட்டர் வயரைக் கழற்றவே கூடாது. ட்ரைவர் அந்த இடத்திலேயே போய்விடும்.

அளவு தெரிந்ததும் கரண்டை 1.2 அம்பியருக்கு இறக்குங்கள். விசை 20 வீதம் குறையும், ஆனால் சூடு கரண்டின் வர்க்கத்தோடு போவதால் 36 வீதம் குறையும். மர வேலைக்கு அந்த 20 வீத விசையை, ஒரு வெட்டின் ஆழத்தைக் கொஞ்சம் குறைத்தும் வேகம் எடுக்கும் அளவை இறக்கியும் ஈடுகட்டலாம். ஹீட் சிங்க் இல்லாமல் ஒரு சுருளுக்கு ஏறக்குறைய 1 அம்பியர்தான் இந்தப் போர்டுக்குச் சரி என்று இதைப் பரவலாக்கிய பொலோலு நிறுவனமே சொல்கிறது. 1.5 அம்பியரை மூடிய பெட்டிக்குள் எதிர்பார்ப்பது அதிகம்.

அப்புறம் பவர் சப்ளையைப் பெட்டியை விட்டு வெளியே எடுங்கள். என் அபிப்பிராயத்தில் இதுதான் மிகப் பெரிய மாற்றம், செலவும் இல்லை. உள்ளே இருக்கும் சூட்டில் பாதிக்கு மேல் அதனுடையது. பக்கத்தில் தனியாக, மழைச் சாரலும் மரத்தூளும் படாத இடத்தில், கீழே மேலே காற்றுப் போகும் தகட்டு மூடிக்குள் வையுங்கள். 230 வோல்ட் முனைகள் கைபடாதபடி மூடியிருக்க வேண்டும், எர்த் கட்டாயம். இந்த இரண்டையும் மட்டும் செய்துவிட்டு அதே கணக்கைத் திரும்பப் போடுங்கள். ட்ரைவர் ஒன்றுக்கு 1.25 வாட், மூன்றுக்கும் 4 வாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. பெட்டிக்குள் 52 இருந்த இடத்தில் 28 பாகை. சிப் 142-இலிருந்து 85-க்கு வந்துவிடும். ஒரு சதமும் செலவழிக்கவில்லை.

ஹீட் சிங்க் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். ஏ4988 சிப்பின் சூடு பெரும்பாலும் அடிப்பக்க உலோகப் பட்டை வழியாகப் போர்டின் செம்புக்குள் இறங்குகிறது. மேலே இருப்பது பிளாஸ்டிக் தோல், அதன் வழியாக வருவது கொஞ்சம். மேலே ஒட்டும் அலுமினியத் துண்டு எவ்வளவு பெரிதானாலும் ஓரளவுக்கு மேல் உதவாது, அசைந்து பக்கத்துப் பின்னில் பட்டால் ஷோர்ட்டும் ஆகும். இருக்கிற சின்னதே போதும். அதைவிடப் போர்டின் மேலும் கீழும் காற்று ஓடுவதுதான் பலன் தரும். ஆகவே ஃபேன் வேண்டும், ஆனால் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் ஃபேன் வேண்டாம். 60 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றைப் பெட்டிக்குள்ளேயே வைத்து உள்காற்றைச் சுழல விடுங்கள். சிப்பிலிருந்து காற்றுக்கும் காற்றிலிருந்து சுவருக்கும் சூடு வேகமாக மாறும். கூடவே பிளாஸ்டிக் மூடிக்குப் பதிலாக 2 அல்லது 3 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு போடுங்கள். ஹட்டனில் அலுமினிய ஜன்னல் வேலை செய்யும் கடையில் கேட்டால் வெட்டுத் துண்டு கிடைக்கும். தகட்டின் வெளிப்பக்கத்துக்குப் பெயின்ட் அடியுங்கள். பளபளக்கும் அலுமினியம் சூட்டைக் கதிராக வெளிவிடுவதில் மோசம், பெயின்ட் பூசினால் நன்றாக விடும். கறுப்புத்தான் வேண்டும் என்றில்லை, இந்த வெப்பநிலையில் எந்த நிறமும் ஏறக்குறைய ஒன்றுதான். ரப்பர் இருந்தபடியே இருக்கட்டும். சூட்டுக்கு உலோகத்தின் வழியாகப் பாதை கிடைக்கும், பனிக்கு வாசல் கிடைக்காது.

பனியைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். நம் ஊரில் சூட்டால் பழுதாகும் போர்டைவிட ஈரத்தால் பச்சை பிடித்து வரும் போர்டு என் மேசைக்கு அதிகம் வருகிறது. தென்மேற்குப் பருவத்தில், மே முதல் செப்டெம்பர் வரை, ஹட்டன், வட்டவளை, தலவாக்கலைப் பக்கம் துணியே காயாது. பண்டாரவளைப் பக்கம் அதே மாதங்களில் வறண்ட காற்று அடிக்கும், அங்கே பயப்பட வேண்டியது தூசிக்கு. நீங்கள் இருப்பது ஈரப் பக்கம்.

எவ்வளவு இறுக்கினாலும் பெட்டி மூச்சு விடும். மாலையில் மெஷினை நிறுத்தினால் உள்காற்று ஆறிச் சுருங்கி, வயர் போகும் துளை வழியாக வெளி ஈரக் காற்றை இழுக்கும். இரவில் சுவர் குளிர்ந்ததும் அந்த ஈரம் உள்ளே நீராகப் படியும். காலையில் அதோடு பவரைப் போடுகிறோம். ஆகவே வேலை நேரத்தில் சூட்டைத் துரத்துகிற நாம், இரவில் கொஞ்சம் சூட்டை உள்ளே வைத்திருக்க வேண்டும். 150 ஓம், 10 வாட் சிமெந்து ரெசிஸ்டர் ஒன்றை 24 வோல்ட்டில் போட்டால் 4 வாட்டுக்குச் சற்றுக் குறைவாகச் சூடு தரும். உங்கள் பிளாஸ்டிக் பெட்டியில் அது இரவுக் காற்றைவிட ஏழெட்டுப் பாகை உயர்த்தி வைக்கும், அலுமினிய மூடி போட்டால் கொஞ்சம் குறையும். 15 பாகையில் 95 வீத ஈரப்பதன் இருக்கும் காற்று, எட்டுப் பாகை சூடானால் 60 வீதத்துக்குக் கீழே வந்துவிடும். அதில் நீர் படியாது. ரெசிஸ்டரைப் பெட்டியின் அடியில், ஒரு தகட்டுத் துண்டில் பூட்டி, பிளாஸ்டிக்கிலிருந்தும் வயரிலிருந்தும் தள்ளி வையுங்கள். அதன் மேல் மரத்தூள் சேரவே கூடாது. தனி ஃபியூஸ் போடாமல் இரவு முழுக்க எதையும் விட்டுவைக்காதீர்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் நம் மழைக்காலத்தில் சில நாட்களிலேயே நிரம்பிவிடும், பிறகு அது சும்மா கிடக்கும். பெட்டியின் அடிமூலையில் 5 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டு மெல்லிய வலை ஒட்டினால், தப்பித் தவறிப் படிந்த நீரும் வடிந்துவிடும்.

மெஷின் சும்மா நிற்கும்போதும் ஏ4988 முழுக் கரண்டையும் விட்டுக்கொண்டே இருக்கும் என்பதை மறக்காதீர்கள். மெஷினை ஓட்ட ஜிஆர்பிஎல் மென்பொருள் பாவிக்கிறீர்கள் என்றால், நின்ற பிறகு எப்போது மோட்டரை விடுவது என்று சொல்லும் ‘$1’ அளவு 255 என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மோட்டரை அது விடுவதே இல்லை. பலகை மாற்றவும் தேநீர் குடிக்கவும் போகும் நேரம் முழுக்கச் சிப் வெந்துகொண்டிருக்கும். குறைத்தால் சூடு குறையும், ஆனால் விடும்போது அச்சு துளி நகரலாம், ஆகவே வேலை நடுவே வேண்டாம். இது பிடிக்காவிட்டால் டிஎம்சி2209 ட்ரைவருக்கு மாறலாம். அதே சொக்கெட்டில் உட்காரும், நிற்கும்போது கரண்டைத் தானாகக் குறைக்கும், உள்தடையும் ஏறக்குறைய பாதிதான், 0.34 ஓம். 24 வோல்ட்டைத் தாங்கும், ஆனால் அதன் எல்லை 29 வோல்ட், பழைய 36 வோல்ட் சப்ளை எதையும் கொடுத்துவிட வேண்டாம். வீ-ரெஃப் கணக்கும் வேறு. மேலே சொன்ன 0.96-ஐ அதற்கு வைக்கக்கூடாது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதலில் பழைய போர்டுகளையே சரி செய்து பார்ப்பேன்.

மோட்டரும் சூடாகிறது என்று எழுதியிருந்தீர்கள். அதை அவ்வளவாகப் பொருட்படுத்த வேண்டாம். அதன் சுருள் பொதுவாக 130 பாகை தாங்கும் வகை, வெளி உறை 60, 70 வருவது சாதாரணம். கையால் தொட்டுப் பிடிக்க முடியாத எல்லை 55, 60-இலேயே வந்துவிடுவதால் கையை நம்பி முடிவெடுக்க முடியாது. ஒரே ஒரு கவலை, மோட்டரைப் பிடிக்கும் துண்டு 3டி பிரின்டரில் பிஎல்ஏ பிளாஸ்டிக்கால் அச்சடித்தது என்றால் அது 60 பாகையளவில் இளகும். அப்போது கோணலுக்கு இன்னொரு காரணம் கிடைத்துவிடும்.

அளக்கும்போது ஒரு கவனம். துப்பாக்கி போலப் பிடித்து அளக்கும் இன்ஃப்ராரெட் மீட்டர் பளபளக்கும் ஹீட் சிங்க்கில் பொய் சொல்லும், 90 பாகையை 40 என்றுகூடக் காட்டும். அதன் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் துண்டு ஒட்டி அதைக் குறிவைத்து அளக்கலாம். மல்டிமீட்டரோடு வரும் கே வகை தெர்மோகப்ள் என்ற, சூட்டை அளக்கும் வயரின் நுனியைச் சிப் பக்கத்துப் போர்டில் ஒட்டி, மூடியைப் பூட்டி, ஒரு மணித்தியாலம் ஓட்டி அளப்பது இன்னும் நல்லது. அங்கே 80-க்குக் கீழே நின்றால் நிம்மதியாக வேலை செய்யலாம். 100-ஐத் தாண்டினால் ஏதோ ஒன்று இன்னும் சரியில்லை. அப்படி வந்தால் மூன்று போர்டின் ரெசிஸ்டர் எழுத்தையும், மூன்றின் வீ-ரெஃப் அளவையும், தெர்மோகப்ள் காட்டியதையும் இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.